கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சிங்கப்பூருக்கு விமான டிக்கெட் வாங்கிப் பார்த்த சகோதரிகளுக்கு இந்த வேடிக்கை தெரிந்திருக்கும். திருச்சியில் இரவு 11.25-க்கு ஏறினால் மறுநாள் காலை 6.05-க்கு இறங்கலாம் என்று போட்டிருக்கும். விரல் விட்டு எண்ணினால் 6 மணி 40 நிமிஷம். திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தாலோ, அங்கே இரவு 8.45-க்குக் கிளம்பி இங்கே 10.20-க்கு வந்து சேர்ந்து விடுகிறது. ஒன்றரை மணிக்கு மேல் ஐந்தே நிமிஷம்! போகும்போது மாட்டு வண்டி, வரும்போது ராக்கெட்டா?

இரண்டும் இல்லை. போகவும் வரவும் விமானத்துக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணி. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் போகும்போது 2½ மணியைக் கழிக்க வேண்டும். 4 மணி 10 நிமிஷம் வரும். திரும்பும்போது 2½ மணியைக் கூட்ட வேண்டும். 4 மணி 5 நிமிஷம் வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தக் கணக்கை நான் பொழுது போகாமல் போடவில்லை. 2024 ஆகஸ்டில் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். எழுபது வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது. அம்மா காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக் கொள்பவள். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் தப்பக் கூடாது. ஆகவே தூரம், நேரம், கடிகாரம் மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். அந்தக் கணக்கு மற்றவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆகாய வழியில் தூரம்

என் பையனின் உலக உருண்டையில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். நூல் கோடியக்கரைப் பக்கமாகக் கடலில் இறங்குகிறது. வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ரா தீவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணை ஓரமாகவே போய்ச் சிங்கப்பூரில் முடிகிறது. உருண்டை மேல் இழுத்த நூல்தான் இரண்டு ஊருக்கும் மிகக் குறுகிய வழி. விமானங்களும் கூடுமானவரை இதையொட்டியே பறக்கின்றன. இந்த நூலின் நீளம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். விமானக்காரர்கள் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அப்படிப் பார்த்தால் சுமார் 1,610 கடல் மைல்.

சென்னையிலிருந்து அளந்தால் 2,920 கிலோமீட்டர்தான் வருகிறது. அதாவது திருச்சியைவிடச் சென்னை சிங்கப்பூருக்கு 60 கிலோமீட்டர் போலக் கிட்டத்தில் இருக்கிறது! ஆனால் கும்பகோணத்துக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய். எங்கள் வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குள். சென்னையோ முந்நூறு கிலோமீட்டர் போல ஆகும். வானத்தில் 60 கிலோமீட்டர் என்பது ஐந்து நிமிஷம்கூட இல்லை. தரையில் 200 கிலோமீட்டர் என்றால் நாலு மணி நேரம், இடுப்பு வலி தனி.

கொழும்பு வழியாகப் போவதும் உண்டு. திருச்சியிலிருந்து கொழும்பு 420, அங்கிருந்து சிங்கப்பூர் 2,750. ஆக 3,170 கிலோமீட்டர். நேர்வழியைவிட இருநூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் நடுவில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் கிலோமீட்டர்க் கணக்கில் வராது.

இந்தக் கடல் எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல் படை கடாரத்துக்குப் போனது இதே கடல் மீதுதான். என் தாத்தா போனது ‘ராஜுலா’ கப்பலில். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்று அம்மா சொல்வாள். பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் ஓடியது. 1985-இல் அது தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தக் கப்பல் பிரயாணமும் முடிந்தது. ஒரு வாரப் பிரயாணம் இன்று ஒரு ராத்திரியாகிவிட்டது.

நாலு மணி நேரம் எப்படி ஆகிறது?

மேலே ஏறி நிதானத்துக்கு வந்த பிறகு இந்த வகை விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் போலப் பறக்கிறது. 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 35 நிமிஷம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தவிர, டிக்கெட்டில் போடும் நேரம் விமானம் தன் இடத்தை விட்டு நகர்வது முதல், அங்கே போய்த் தன் இடத்தில் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்கு வழிவிடுவது எல்லாம் அதில் அடக்கம். எல்லாம் சேர்ந்துதான் 4 மணி 10 நிமிஷம்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தரை மேல் மேல்காற்று அடிக்கிறது அல்லவா? அதே மாதங்களில் மிக உயரத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று ஓடுகிறது. இந்தக் காற்றாற்றை விளக்கி 1958-இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர் நம் நாட்டு வானிலை நிபுணர் கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் கிழக்கே போகிறவர்களுக்கு இது எதிர்க்காற்று. மேற்கே திரும்புகிறவர்களுக்கு முதுகைத் தள்ளிவிடும் காற்று. நாங்கள் ஆகஸ்டில் போகும்போது பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிஷம் என்று பைலட் அறிவித்தார். செப்டம்பரில் திரும்பும்போது 3 மணி 35 நிமிஷம் என்றார்.

கடிகாரத்தின் கதை

நம் இந்திய நேரம் மிர்ஸாபூர் பக்கமாகப் போகும் 82½ பாகைத் தீர்க்க ரேகையை வைத்துக் கணக்கிடுவது. கிரீன்விச்சைவிட 5½ மணி முன்னால். சிங்கப்பூர் 8 மணி முன்னால். வித்தியாசம் 2½ மணி.

ஆனால் சூரியனைக் கேட்டால் வேறு பதில் சொல்வான். கும்பகோணத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் சுமார் 24½ பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம், சூரியக் கணக்குப்படி வித்தியாசம் சுமார் 1 மணி 40 நிமிஷம்தான். மீதி 50 நிமிஷம் சர்க்கார் கடிகாரத்தின் கைங்கரியம். அதனால்தான் சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் காலை ஏழு மணி வாக்கில்தான் பொழுது விடிகிறது. இருட்டுவதும் மாலை ஏழு மணிக்கு மேல்தான். ஆறு மணிக்கு எழுந்து கோலம் போடுகிறவர்கள் அங்கே போனால் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

1981 முடியும் வரை அவர்கள் கடிகாரம் 7½ மணிதான் முன்னால் இருந்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் கூடவே மாறி, 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னால் போயிற்று. ஜாதகம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 1982-க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த அரை மணி லக்கினத்தையே மாற்றிவிடலாம். குழந்தை பிறந்த மணியை நம் நேரத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டாம். “சிங்கப்பூரில், சிங்கப்பூர் மணிப்படி இத்தனை” என்று சொல்லிவிட்டால் ஜோசியர் ஊரின் ரேகையைப் பார்த்துக் கணித்துக் கொள்வார்.

இரண்டு மணிக்கு வந்த போன்

செப்டம்பர் முதல் வாரத்தில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் ஆகஸ்ட் 26-க்கு டிக்கெட் எடுத்து, விசாவும் வாங்கி வைத்திருந்தோம். 17-ஆம் தேதி பின்னிரவு 2 மணிக்குப் போன். அங்கே 4.30. தங்கை வீட்டுக்காரர் பேசினார்.

“அக்கா, வலி எடுத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பெரியவனைப் பக்கத்து வீட்டிலே விட்டிருக்கேன். அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க.”

பெரியவன் என்பது ஐந்து வயதுப் பேரன். தாய் ஆஸ்பத்திரியில், தகப்பனும் கூடவே. பிள்ளை அயலார் வீட்டில் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அம்மாவுக்கு இதைக் கேட்டதும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்திலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“காரை எடுக்கச் சொல்லு. மெட்ராஸ் போயிட்டா எப்பவும் ப்ளேன் இருக்கும்னு சொல்வாங்களே. இங்கே உக்காந்திருந்தா எப்படிம்மா?”

என் பையன் நாங்கள் எழுதி வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று வழியும் பார்த்தோம். சென்னைக்கு உடனே காரில் கிளம்பினாலும் போய்ச் சேர நன்றாக விடிந்துவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். அன்று எங்களுக்கு இடம் கிடைத்ததோ இரவு விமானத்தில்தான். கொழும்பு வழியில் பகலில் கிளம்பலாம். ஆனால் அங்கே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்து ராத்திரி அடுத்த விமானம் ஏற வேண்டும். திருச்சி நேர் விமானம் இரவு 11.25-க்கு. மூன்று வழியிலும் மறுநாள் காலையில்தான் சிங்கப்பூர். முந்தி ஓடினாலும் முந்திச் சேர வழியில்லை.

“பாட்டி, இப்பவே ஓடினாலும் நாளைக்குக் காலையிலேதான். சாயங்காலம் கிளம்பினாலும் நாளைக்குக் காலையிலேதான். ஓடினா உங்க சுகர்தான் ஏறும்” என்றான் பையன்.

அம்மா நோட்டை வாங்கித் தானே ஒரு தரம் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனால் மணிக் கணக்கில் கெட்டிக்காரி. “அப்ப சாயங்காலமே போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை. அதிகக் கட்டணம் கட்டி டிக்கெட்டை அன்று இரவுக்கு மாற்றினோம். காலையில் வழக்கம்போல ஊசி, பலகாரம். பிறகு பத்தியக் குழம்புக்குப் பொடி இடித்துக் கொண்டிருந்தபோது, 11.55-க்கு மறுபடி போன். “பொண்ணு பொறந்திருக்கா அத்தை. ரெண்டு பேரும் சௌக்கியம்.” பிறந்த நேரம் அங்கே பிற்பகல் 2.10, நமக்குக் காலை 11.40. உலக்கையைக் கீழே வைத்துவிட்டு அம்மா அழுதாள். அதன் பிறகு அவசரம் பெரியவனுக்காக மட்டும்தான்.

வாசலிலிருந்து வாசல் வரை

அன்று எங்களுக்கு ஆன நேரத்தை அப்படியே தருகிறேன். எல்லாம் நம் இந்திய மணி.

மாலை 5.15 – வீட்டை விட்டுக் கிளம்பியது. பாபநாசம், தஞ்சாவூர், துவாக்குடி வழியாக விமான நிலையம் சேர 7.50. ஆனது 2 மணி 35 நிமிஷம்.

இரவு 7.50 முதல் 11.25 வரை – பெட்டி எடை போடுவது, பாஸ்போர்ட் பரிசோதனை, காத்திருப்பு. ஆனது 3 மணி 35 நிமிஷம். திருச்சியின் புதிய கட்டடம் 2024 ஜூனில் உபயோகத்துக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டுகிற வேலைப்பாடுகளைப் பார்த்துக்கொண்டே அம்மா பொழுதைத் தள்ளிவிட்டாள்.

11.25 முதல் 3.35 வரை – விமானம். 4 மணி 10 நிமிஷம்.

3.35 முதல் 5.15 வரை – பாஸ்போர்ட் பரிசோதனை, பெட்டி எடுப்பது, டாக்ஸி. 1 மணி 40 நிமிஷம்.

ஆக மொத்தம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். அங்கே கடிகாரத்தில் காலை 7.45. பறந்தது இதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் தரையில்தான். ‘நாலு மணி நேரப் பிரயாணம்’ என்று சொல்லி வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், சாப்பாடு, மருந்து, பால், மாற்றுத் துணி எல்லாவற்றையும் இந்தப் பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் பண்ண வேண்டும், நாலு மணிக்கு அல்ல.

பக்கத்து வீட்டு வாசலில் பெரியவன் பள்ளிச் சட்டையோடு நின்றிருந்தான். பாட்டியைப் பார்த்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக் கொண்டான். அந்தப் பன்னிரண்டு மணி நேர அலுப்பும் அத்தோடு போயிற்று.

ஊசி எந்த மணிக்கு?

இதற்காகவே டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னதாக டாக்டரிடம் போயிருந்தோம். அம்மாவுக்கு வழக்கமாகக் காலை 7.30, இரவு 7.30. அங்கே போனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காலை 7.30-க்கு ஊசி போட்டால் நம் மணிக்கு அது 5 தான். பன்னிரண்டு மணி இடைவெளி ஒன்பதரையாகச் சுருங்கிவிடும். முந்தின ஊசியும் அடுத்த ஊசியும் நெருங்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

டாக்டர் சொன்னபடி, இரவு ஊசியைத் திருச்சி விமான நிலையத்தில் 8 மணிக்குப் போட்டு, கையோடு கொண்டுபோன இட்லியைச் சாப்பிட வைத்தேன். விமானத்தில் இரண்டு பிஸ்கட். இறங்கியதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். முதல் நாள் காலை ஊசியைச் சிங்கப்பூர் மணி 10-க்கு, அதாவது நம் 7.30-க்கே போட்டோம். அடுத்த சில நாட்களில் அரை அரை மணியாக முன்னால் கொண்டுவந்து அந்த ஊர் 8 மணிக்கு நிறுத்தினோம். திரும்பும்போது நாள் 2½ மணி நீண்டுவிடும் என்பதால், ஊருக்கு வந்த இரவு படுக்கும் முன் ஒரு தரம் அதிகமாகச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார்.

இது என் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு. இன்சுலினில் பல வகை உண்டு. ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு ஆகாது. நீங்களும் டிக்கெட்டைக் காட்டி உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். இன்சுலின், மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால், அடியில் சாமான் அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடலாம். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலோ இன்னும் சங்கடம்.

விமானத்துக்குள்ளே

விமானம் எத்தனை உயரம் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானலில் நாலு மணி நேரம் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் கொடைக்கானல் ஈரம் இராது, காற்று வறண்டிருக்கும். தாகம் தெரியாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்க வேண்டும்.

காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். எங்கள் பக்கத்து இருக்கையில் மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். கிளம்பும்போதே பால் கொடுத்துவிட்டாள், குழந்தை தூங்கிவிட்டது. தரை இறங்க அரை மணி இருக்கும்போது விமானம் தாழ ஆரம்பித்ததும் வீறிட்டு அழுதது. “இப்ப கொடும்மா, சப்பி முழுங்கினா காது விட்டுடும்” என்றாள் அம்மா. நாலு வாய் குடித்ததும் அடங்கிற்று. குழந்தை தூங்கினாலும் விமானம் தாழும் நேரத்தில் எழுப்பிப் பாலோ தண்ணீரோ பருகக் கொடுப்பது நல்லது. பெரியவர்கள் எச்சிலை விழுங்கலாம், கொட்டாவி விடலாம். சளி, காது வலி இருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கால்களையும் மறக்கக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், சாதாரண மனிதர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவுதான். மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும் போதும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் பிரசவமானவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும். பல விமானக் கம்பெனிகள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சீட்டுக் கேட்கின்றன. 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அதனால்தான் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது போய், தாய் பெண்ணிடம் பறக்க வேண்டியிருக்கிறது.

மூட்டை கட்டும்போது

அம்மா கட்டிய மூட்டையில் சுக்கு, பத்தியப் பொடி, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி எல்லாம் இருந்தன. கசகசாவை மட்டும் நான் எடுத்து வைத்துவிட்டேன். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்குத்தானே என்று ஒரு கைப்பிடி எடுத்துப் போனாலும் வம்பு. மென்று தின்னும் புகையிலையும் கூடாது. வெற்றிலைப் பெட்டியோடு வரும் பாட்டிகள் கவனிக்கவும்.

கைப்பையில் தண்ணீர், தயிர், ஊறுகாய் போன்றவை 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். மருந்துக்கும் குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு. சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிவிட வேண்டும். அங்கே இறங்குவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ நிரப்பி அனுப்ப வேண்டும். அது இலவசம், அதற்கென்று யாரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கணக்கு

அரபு நாடோ, அமெரிக்காவோ, உங்கள் பெண்ணோ பிள்ளையோ எங்கே இருந்தாலும் ஒரு தாளில் நாலு வரி எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். ஒன்று, இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள்; அதையும் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டாவது, டிக்கெட்டு மணியிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ வரும் நிஜமான பறக்கும் நேரம். மூன்றாவது, வாசலிலிருந்து வாசல் வரை மொத்தம் எத்தனை மணி என்பது. நாலாவது, எந்த விமான நிலையம் உங்கள் வீட்டுக்குச் சௌகரியம் என்பது. அது வரைபடத்தில் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

பாஸ்போர்ட் கெடு தீராமல் இருக்கிறதா, டாக்டர் எழுதிய சீட்டு புதிதா என்று மாதம் ஒரு தரம் பார்த்துக் கொண்டால் போதும். அகாலத்தில் போன் அடித்தால் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் எத்தனை மணிக்கு அங்கே இருப்போம் என்று தெரிந்துவிட்டால், நடுவில் இருக்கும் நேரத்தில் பொடி இடிக்கலாம், துணி மடிக்கலாம், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவும் செய்யலாம்.